லோவட் வேவுப்படை: மான்வேட்டை மலைகளில் பிறந்த குதிரைப்படை

பிரிட்டனின் ராணுவ அமைப்பில், முழுநேரச் சம்பளம் பெறும் நிலைப்படை ஒருபுறம் இருக்க, தத்தம் ஊரிலேயே உழவையும் தொழிலையும் பார்த்துக்கொண்டு, ஆண்டுக்குச் சில வாரங்கள் பயிற்சிக்குக் கூடி, போர் மூண்டால் அணிதிரளும் உள்ளூர்ப் படைகள் மறுபுறம் நெடுங்காலம் இருந்துவந்தன. இவற்றில் சொந்தக் குதிரையோடு வந்து சேர்ந்த உழவர்களையும் நிலக்கிழார் வீட்டுப் பிள்ளைகளையும் கொண்ட பிரிவுக்கு யோமன்ரி என்று பெயர். பிரெஞ்சுப் படையெடுப்பு நேருமோ என்ற அச்சம் நிலவிய 1794ஆம் ஆண்டில் தோன்றிய இந்த ஊர்க் குதிரைப்படைகள், பளபளக்கும் சீருடைக்கும் ஆண்டுவிழா அணிவகுப்புக்கும் பெயர்பெற்றவை. ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டில் 1900ஆம் ஆண்டு உருவாகி, இரண்டு உலகப் போர்களிலும் பணியாற்றி, பின்னர் கலைந்துபோன லோவட் வேவுப்படை சட்டப்படி இந்த வகையைச் சேர்ந்ததே ஆயினும், அதன் ஆட்களும் கருவிகளும் போர்முறையும் வேறெந்த யோமன்ரிப் படையிலும் காணக்கிடைக்காதவை. வாளையும் ஈட்டியையும்விடப் பித்தளைத் தொலைநோக்கியைப் பெரிதாக மதித்த இந்தப் படையின் கதை, ஒரு மலைக்குடி மக்கள் தம் நிலத்தை இழந்த கதையோடு பின்னிப் பிணைந்தது. அதை விலக்கிவிட்டு இதைச் சொல்ல இயலாது.

ஹைலாண்ட்ஸ் எனப்படும் ஸ்காட்லாந்து மலைநாட்டில், கேலிக் மொழி பேசிய குலங்கள் தத்தம் தலைவனின் கீழ் வாழ்ந்தன. தலைவன் அழைத்தால் போருக்குச் செல்வது குலத்தாரின் கடமையாகவும், அவர்களுக்கு நிலம் தந்து காப்பது தலைவனின் கடமையாகவும் கருதப்பட்டது. 1745இல் ஸ்டூவர்ட் அரச வமிசத்துக்காக எழுந்த கிளர்ச்சி, 1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் களத்தில் முறியடிக்கப்பட்டபின், ஆயுதம் வைத்திருக்கவும் மலைநாட்டு உடை அணியவும் தடை வந்தது. குலத்தலைவர்கள் பரம்பரையாக நடத்திவந்த நீதி அதிகாரமும் பறிக்கப்பட்டது. அந்தக் கிளர்ச்சியில் சிக்கிய ஃபிரேசர் குலத்தலைவர் லோவட் பிரபு, 1747 ஏப்ரலில் லண்டன் கோபுரக் குன்றில் தலை வெட்டப்பட்டு மாண்டார்; பிரிட்டனில் அவ்வாறு தண்டிக்கப்பட்ட கடைசி மனிதர் அவரே. ஆனால் அவருடைய மகன் சைமன் ஃபிரேசர், பத்தே ஆண்டுகளில், 1757இல், அதே அரசுக்காகத் தம் குலத்தாரைத் திரட்டிக் கனடாவுக்கு அழைத்துச் சென்றார். 1759இல் கியூபெக்கில் பிரெஞ்சுக்காரருக்கு எதிராகப் போரிட்ட ஃபிரேசர் ஹைலாண்டர்கள் அவர்களே. பறிமுதலான குடும்ப நிலங்கள் 1774இல் திரும்பக் கிடைத்தன. மலைநாட்டு மக்களின் போர்க்குணத்தை அடக்கிய அரசு, அதையே தன் படைகளுக்குத் தீனியாக்கிக்கொள்ளும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

அடுத்த நூறாண்டில் நேர்ந்தது இதைவிடக் கொடியது. குலத்தலைவர்கள் நிலவுடைமையாளர்களாக மாறி, வாடகை கூடுதலாகத் தரும் ஆட்டுப்பண்ணைகளுக்காகக் குடியானவர்களைப் பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றினர். பலர் கப்பலேறிக் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போயினர். எஞ்சியோர் கடலோரத்துப் பாறைநிலத்தில் சிறு துண்டுகளைக் குத்தகைக்குப் பிடித்து உழன்றனர். கம்பளி விலை சரிந்தபின் ஆட்டுப்பண்ணைகளும் நட்டமாகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த மலைகள் செல்வர்களின் மான்வேட்டைக் களங்களாயின. லண்டன் வணிகரும் அமெரிக்கத் தொழிலதிபரும் பருவத்துக்குப் பெருந்தொகை கொடுத்து மலைகளை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தனர். வெளியேற்றத்துக்குத் தப்பிய குடும்பங்களின் ஆண்கள் பலருக்கு அங்கே கிடைத்த வேலை, அந்த விருந்தினர்களுக்கு மானைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பது. மானின் தடமறிந்து வேட்டைக்காரரை அழைத்துச் செல்லும் காவலரை ஸ்டாக்கர் என்றும், துப்பாக்கியையும் மட்டக்குதிரையையும் சுமையையும் பார்த்துக்கொள்ளும் உதவியாளரை கில்லி என்றும் அழைத்தனர். லோவட் வேவுப்படை உருவானது இவர்களைக் கொண்டுதான்.

இவர்களுடைய திறமை என்ன என்பதைச் சற்று அருகிலிருந்து பார்த்தால்தான் பின்னால் வருவது விளங்கும். மரமற்ற மலைச்சரிவில் நிற்கும் செம்மானுக்கு மோப்பம் மிகக் கூர்மை. காற்று மனிதன் பக்கமிருந்து வீசினால், அரை மைலுக்கு அப்பாலிருந்தே மந்தை முழுவதும் ஓடிவிடும். எனவே காவலர் விடியலில் ஏதேனும் ஓர் உயரத்தில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, அதன்மேலோ கைத்தடியின்மேலோ தொலைநோக்கியைச் சாய்த்து அசையாமல் பிடித்துக்கொண்டு, எதிர்ச்சரிவை இடமிருந்து வலமாகவும் பின்னர் வலமிருந்து இடமாகவும் துண்டுதுண்டாக ஆராய்வார். ஒன்றுக்குள் ஒன்று செருகும் மூன்று குழாய்களைக் கொண்டு, தோல் உறை போர்த்தி, சுமார் இருபது மடங்கு பெருக்கிக் காட்டும் அந்தக் கருவியில் தெரியும் வட்டம் மிகச் சிறியது. கை சிறிது நடுங்கினாலும் காட்சி குலைந்துவிடும். நண்பகல் வெயிலில் கானல் எழுந்தால் எதுவும் தெளியாது. புதரா, பாறையா, படுத்திருக்கும் மானின் காதா என்பதைப் பிரித்தறிய ஆண்டுக்கணக்கில் பழகிய கண் வேண்டும். கண்டபின், காற்றின் போக்கைக் கணித்து, ஓடைப்படுகை வழியே மார்பால் ஊர்ந்து, மான் தலை நிமிரும்போதெல்லாம் உறைந்து கிடந்து நெருங்க வேண்டும். போர்க்கால வேவுக்கும் இதற்கும் வேறுபாடு இலக்கில் மட்டுமே.

1899 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனுக்கும் போயர்கள் எனப்படும் டச்சு வழிக் குடியேறிகளின் இரு குடியரசுகளுக்கும் போர் மூண்டபோது, பிரிட்டிஷ் தளபதிகளுக்கு இல்லாமற்போனது இத்தகைய கண்தான். போயர் உழவர்கள் வேட்டையில் தேர்ந்தவர்கள். பதுகுழியில் மறைந்து, தொலைவிலிருந்து குறிதவறாமல் சுட்டனர். நெருக்கமாக அணிவகுத்து முன்னேறிய பிரிட்டிஷ் படை, எதிரி எங்கே இருக்கிறான் என்று அறியாமலே வீழ்ந்தது. டிசம்பர் 10 முதல் 15 வரை ஸ்டோர்ம்பெர்க், மாகர்ஸ்ஃபான்டைன், கொலென்சோ என்ற மூன்று களங்களில் அடுத்தடுத்துத் தோல்வி நேர்ந்த அந்த வாரத்தைக் கறுப்பு வாரம் என்று பிரிட்டிஷ் வரலாறு பதிவு செய்திருக்கிறது. மாகர்ஸ்ஃபான்டைனில் மலைநாட்டுப் படையணி விடியலில் பதுகுழிகளின் முன்னே சென்று மாட்டிக்கொண்டு பேரிழப்பைச் சந்தித்தது. அதன் தளபதி வாக்கோப் அங்கேயே மடிந்தார். (கொலென்சோவில் காயமுற்றோரைச் சுமந்து மீட்டவர்களில் காந்தி திரட்டிய சுமார் 1,100 இந்தியர் இருந்தனர் என்பதும், நேட்டால் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள் அவர்களில் பெரும்பான்மையினர் என்பதும் தமிழ் வாசகர் அறியத்தக்கவை, அந்தக் கூலிகளில் தமிழர் கணிசமானோர்.)

இந்தத் தோல்விச் செய்திகள் எட்டியபோது, இன்வர்னஸ் நகருக்கு மேற்கே பியூலி என்னும் சிற்றூரின் அருகில் போஃபர்ட் மாளிகையில் வாழ்ந்த சைமன் ஜோசப் ஃபிரேசர், அதாவது அன்றைய லோவட் பிரபு, தம் குலத்தாரும் அண்டை எஸ்டேட்டுகளின் காவலர்களும் அடங்கிய ஒரு வேவுப்படையைத் திரட்ட முன்வந்தார். தலை வெட்டப்பட்ட முன்னோரின் பட்டத்தைச் சுமந்த அவருக்கு அப்போது வயது இருபத்தெட்டு. போர் அமைச்சகத்தின் ஒப்புதலோடு 1900 ஜனவரியில் அமைந்த அந்தப் படையில், குதிரையேறிய பிரிவு ஒன்றும் காலாட்பிரிவு ஒன்றுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். ஃபிரேசர் குலத்தின் மான்தலைச் சின்னமும், ஆயத்தமாக இருக்கிறேன் என்று பொருள்படும் அதன் பழைய பிரெஞ்சு முழக்கமும் படையின் தொப்பிச் சின்னமாயின. பிரபு ராணுவ அனுபவம் குறைந்த தம்மைத் தளபதியாக்கிக்கொள்ளாமல், கேமரன் ஹைலாண்டர் படையைச் சேர்ந்த ஆண்ட்ரூ டேவிட் மர்ரேயிடம் அந்தப் பொறுப்பை விட்டது, பிரபுக்கள் பணம் கொடுத்துப் படை திரட்டிய அந்தக் காலத்தில் அரிதான நிதானம்.

தென்னாப்பிரிக்காவில் அவர்கள், மலைநாட்டுப் படையணியின் புதிய தளபதி ஹெக்டர் மக்டொனால்டின் கீழ்ப் பணியாற்றினர். சிறு குத்தகைக் குடியானவரின் மகனாகப் பிறந்து, கேலிக் பேசி வளர்ந்து, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து தளபதியாக உயர்ந்த இவர், பின்னாளில் இலங்கையில் பிரிட்டிஷ் படைகளுக்குத் தலைமை வகித்தவர். 1900 ஜூலையில் பிரான்ட்வாட்டர் பள்ளத்தாக்கைச் சூழ்ந்து, பிரின்ஸ்லூ தலைமையில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட போயர்கள் சரணடையக் காரணமான நடவடிக்கையில், கணவாய்களையும் முகடுகளையும் கண்காணிக்கும் பணியில் இந்தக் காவலர்கள் தங்கள் மதிப்பை நிலைநாட்டினர். பிரிட்டிஷ் படைகளின் தலைமைத் தளபதி ராபர்ட்ஸ் பிரபுவின் தலைமை வேவுகாரராக இருந்த அமெரிக்கர் ஃபிரெடெரிக் ரஸ்ஸல் பர்ன்ஹாம் இவர்களை மனமாரப் பாராட்டினார். துப்பாக்கி பிடிப்பவரின் உடலைப் புல்லும் கந்தையும் கோத்த ஆடையால் மறைத்து நிலத்தோடு நிலமாக்கும் கில்லி உடை ராணுவத்துக்குள் நுழைந்ததும் லோவட் படையினர் வழியாகவே என்று ராணுவ வரலாற்றாசிரியர் பலரும் கருதுகின்றனர். இன்றும் உலகெங்கும் மறைந்திருந்து சுடும் வீரர்கள் அணிவது அதன் வழித்தோன்றலே.

ஆயினும் அந்தப் போரின் இரண்டாம் கட்டத்தை மறைத்துவிட்டு இப்படையைப் போற்றுவது நேர்மையாகாது. போயர்கள் கெரில்லாப் போருக்கு மாறியபின், பிரிட்டிஷ் படை அவர்களுடைய பண்ணைகளை எரித்து, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தது. அங்கே நோயாலும் பட்டினியாலும் பல்லாயிரவர் மாண்டனர், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். வீடுகள் கொளுத்தப்பட்டு விரட்டப்பட்ட மலைக்குடிகளின் பேரப்பிள்ளைகள், இன்னொரு கண்டத்தில் அதையே செய்த படையோடு நின்றனர். இப்படையின் மிகப் பெரிய அடியும் அந்தக் கட்டத்திலேயே விழுந்தது. 1901 செப்டம்பர் 20 இரவில், சாஸ்ட்ரோன் ஊருக்கு அருகே கூடாரமடித்திருந்த லோவட் படைமீது, கிரிட்சிங்கர் தலைமையிலான போயர்கள் இருளில் ஊர்ந்து வந்து பாய்ந்தனர்; தளபதி மர்ரே உட்படப் பலர் அங்கே மடிந்தனர். அவருக்குப்பின் தலைமையை லோவட் பிரபுவே ஏற்றார். 1902இல் போர் முடிந்ததும் படை கலைக்கப்பட்டது. பியூலி சதுக்கத்தில் 1905இல் எழுந்த நினைவுத்தூண் இந்தப் போர்ப்பணியைக் குறிப்பது.

கலைந்த படை 1903இல் இரண்டு யோமன்ரி ரெஜிமென்டுகளாக மீண்டும் பிறந்தது. ஐந்தாண்டு கழித்து உருவான பிராந்தியப் படை என்னும் பகுதிநேர ராணுவத்திலும் அது இடம்பெற்றது. ஸ்கை தீவிலிருந்தும் யூயிஸ்ட் தீவுகளிலிருந்தும் அதில் ஆட்கள் சேர்ந்தனர். பலருக்குக் கேலிக் தாய்மொழி. தெற்கு யூயிஸ்ட் தீவார் கத்தோலிக்கர், ஸ்கை தீவார் கடும் புராட்டஸ்டன்டுகள். ஸ்கை தீவின் பிரேஸ் என்ற ஊரில் 1882இல் மேய்ச்சல் நிலத்துக்காகக் குடியானவர்கள் கிளாஸ்கோவிலிருந்து வந்த போலீசாரோடு கல்லும் தடியுமாக மோதி, அதன் விளைவாக 1886இல் குத்தகைப் பாதுகாப்புச் சட்டம் வந்ததை நினைவில் கொண்டால், அடுத்த தலைமுறை அதே அரசின் படையில் ஏன் சேர்ந்தது என்ற கேள்வி எழும். ஆண்டுப் பயிற்சிக்குக் கிடைத்த கூலியும், சொந்த மட்டக்குதிரைக்குக் கிடைத்த படியும் அத்தீவுகளின் வறுமையில் பெரிய தொகைகள். அதோடு, உறவினரும் அண்டை வீட்டாரும் ஒரே அணியில் நிற்கும் பழைய குல உணர்வும் அங்கே உயிரோடிருந்தது.

முதல் உலகப் போரில் இவர்களுடைய குதிரைகளுக்கு வேலையே இருக்கவில்லை. 1915 செப்டம்பர் இறுதியில் துருக்கியின் கலிப்பொலி தீபகற்பத்தில், சூவ்லா குடாவில் கால்நடையாக இறங்கி, மூன்று மாதம் குண்டுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கடுங்குளிருக்கும் ஈடுகொடுத்தபின், மற்றப் படைகளோடு பின்வாங்கினர். அடுத்த ஆண்டு எகிப்தில், கேமரன் ஹைலாண்டர் படையின் பத்தாம் காலாட்படைப் பிரிவாக மாற்றப்பட்டு, கிரேக்கத்தின் சலோனிக்கா போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். ஸ்ட்ரூமா ஆற்றுப் பள்ளத்தாக்கில் பல்கேரியரோடு மலேரியாவும் அவர்களுக்குப் பகையானது. 1918இல் பிரான்ஸ் போர்முனைக்கு மாற்றப்பட்டனர்.

படையின் தனித்தன்மை விளங்கியது வேறிடத்தில். 1916இல், வயதில் மூத்த காவலர்களையும் கில்லிகளையும் கொண்டு, லோவட் ஷார்ப்ஷூட்டர்கள் என்ற சிறு குழுக்கள் அமைக்கப்பட்டு மேற்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டன. பெயர் குறிபார்த்துச் சுடுவோர் என்றாலும், அவர்களுடைய உண்மைப் பணி பார்ப்பது. ஜெர்மானியப் பதுகுழிகளுக்கு எதிரே மறைவிடம் அமைத்து, விடியல் முதல் அந்தி வரை தொலைநோக்கியில் கண்ணைப் பதித்து, எந்த இடத்தில் புகை எழுகிறது, எங்கே புதுமண் கொட்டிக் கிடக்கிறது, எந்தப் பாதையில் ஆள்நடமாட்டம் கூடியிருக்கிறது, தெரியும் சீருடை எந்தப் படையுடையது என்று நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதினர். இத்தகைய குறிப்புகளைக் கொண்டே எதிரியின் படைமாற்றத்தையும் தாக்குதல் ஆயத்தத்தையும் பிரிட்டிஷ் தலைமை கணித்தது. பிரான்ஸில் 1916இல் மறைந்து சுடுவதற்கும் கண்காணிப்பதற்கும் பள்ளி ஒன்றை நிறுவிய வேட்டைக்காரரும் எழுத்தாளருமான ஹெஸ்கத் ப்ரிச்சர்ட், லோவட் படையினரைத் தம் பள்ளியில் தொலைநோக்கிப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதோடு, அவர்களுக்கு இணையான கண்காணிப்பாளர் இல்லை என்ற பொருளில் 1920இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். கூர்ந்து பார்ப்பதன் பயனை விளக்க அவர் தரும் ஒரு நிகழ்ச்சி நெஞ்சில் நிற்பது: கைவிடப்பட்டதாகத் தோன்றிய ஜெர்மானியப் பதுகுழி ஒன்றின் மேட்டில், ஒரு பூனை நாள்தோறும் வெயில் காய்வதைக் கண்காணிப்பாளர் குறித்தனர், நன்கு பராமரிக்கப்பட்ட பூனை இருக்குமிடத்தில் அதை வளர்க்கும் அதிகாரிகள் தங்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து, அந்த இடத்தைப் பீரங்கியால் தாக்கினர். வெயில் காயும் ஒரு பூனைகூட மனிதரின் சாவுக்குத் தடயமாகிவிட்ட அந்தப் போரின் தன்மையை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் நிகழ்ச்சி குறைவு.

போருக்குச் சென்றால் நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு மலைநாட்டார் பலர் சென்றிருந்தனர். 1919இல் ஸ்காட்லாந்து நிலக் குடியேற்றச் சட்டம் வந்தும் பங்கீடு தாமதமானதால், ஊர் திரும்பிய முன்னாள் வீரர்கள் தீவுகளில் பல இடங்களில் பெரும் பண்ணைகளுக்குள் புகுந்து, தாமே நிலத்தை அளந்து எடுத்துக்கொண்டனர். சிலர் சிறை சென்றனர். பதக்கங்களைப் பற்றி நீளமாக எழுதும் படைவரலாறுகள் இந்தப் பக்கத்தைச் சுருக்கியே சொல்கின்றன என்பது வருந்தத்தக்கது. லோவட் பிரபு, அதே 1919இல், போரில் அழிந்த காடுகளை மீண்டும் வளர்க்க அமைக்கப்பட்ட வன ஆணையத்தின் முதல் தலைவரானார், 1933இல் காலமானார்.

இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் யோமன்ரிப் படைகளில் பெரும்பாலானவை பீரங்கிப் பிரிவுகளாகவோ கவச வாகனப் பிரிவுகளாகவோ மாற்றப்பட்டபோது, ஒரே ரெஜிமென்டாகக் குறைக்கப்பட்ட லோவட் படை, வேவுப்பணிக்காகக் குதிரைகளை வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டது. 1939இலும் மலைநாட்டு மட்டக்குதிரைகளோடே அணிதிரண்ட அவர்கள், அடுத்த ஆண்டு அவற்றை ஒப்படைத்துவிட்டு, ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்ததும் பிரிட்டன் கைக்கொண்ட ஃபாரோ தீவுகளுக்குக் காவலாக 1940 மே மாதம் அனுப்பப்பட்டனர். இரண்டாண்டுக்கு மேல் நீண்ட அந்தக் காவலில், ஆடும் மீனும் மழையுமாகத் தங்கள் ஊரையே ஒத்திருந்த தீவின் மக்களோடு உறவாடி, சிலர் அங்கேயே பெண்ணெடுத்தனர். பின்னர் மலைப்போர்ப் படையாக மாற்றப்பட்டு, 1944இன் தொடக்கத்தில் கனடாவின் ஜாஸ்பர் மலைப்பகுதியில் பனிச்சறுக்கும் பாறையேற்றமும் கற்று, அவ்வாண்டு ஜூலையில் இத்தாலிக்குச் சென்றனர். அப்பெனைன் மலைத்தொடரில் பத்தாம் இந்தியக் காலாட்படை டிவிஷனோடு இணைந்து, இந்திய வீரர்களின் முன்னே இரவு வேவுக்குச் சென்ற அந்த மாதங்களே அவர்களுடைய கடைசிப் போர்.

அமைதி திரும்பியதும் படை வேகமாகத் தேய்ந்தது. 1947இல் ஸ்காட்டிஷ் ஹார்ஸ் என்ற மற்றொரு யோமன்ரிப் படையின் ஓர் உட்பிரிவாகச் சுருக்கப்பட்டு, அதன்பின் மலைப்பீரங்கிப் பிரிவாகவும் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவாகவும் மாற்றப்பட்டு, 1967இல் பகுதிநேர ராணுவம் முழுவதும் குறைக்கப்பட்டபோது தனி ரெஜிமென்டாக நில்லாமல் போயிற்று. அதன்பின் பெயர் மட்டும் சிறு பீரங்கி அணியொன்றிலும் காலாட்படையின் சிறு பிரிவொன்றிலும் தங்கியிருந்தது. செலவுக் குறைப்பும் அணு ஆயுதக் காலத்துப் போர்த்திட்டமும் இதற்கு உடனடிக் காரணங்கள் என்றாலும், மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்து, தீவுகளில் இளைஞர் குறைந்து, எஸ்டேட் வேலைகளும் சுருங்கிய நிலையில், அந்தப் படைக்கு ஆள் தந்த வாழ்க்கையே மறைந்துகொண்டிருந்தது என்பதே அடிப்படைக் காரணம்.

பிரிட்டிஷ் ராணுவ நூல்கள் இந்தப் படையின் புகழைப் பெரும்பாலும் லோவட் பிரபுக்களின் கணக்கிலேயே எழுதுகின்றன. படையைத் திரட்டியதும், அதற்கு நிதானமான தலைமை தேடியதும் அவர்களே என்பதால் அதில் ஓரளவு நியாயமுண்டு. ஆனால் அந்தப் படையின் ஒப்பற்ற திறமை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் கற்றதன்று. நிலம் இழந்து, பிறருடைய வேட்டைக்குக் கூலியாளாக நின்ற மனிதர்கள் மழையிலும் பனியிலும் தாமே சேர்த்துவைத்த அறிவு அது. அவர்களில் மிகப் பலருடைய பெயர்கள், அவரவர் ஊர்ப் போர் நினைவுக்கற்களில் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.